வலிக்காத வீக்கம்: பழனி நடை முடிந்து வந்த ஒரு பாதத்தின் கதை

தைப்பூசம் முடிந்து ஒரு மாதம் வரைக்கும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்தில் காலைக் காட்ட வருகிறவர்கள் கூட்டம் கொஞ்சம் கூடும். குன்றக்குடியில் கூடி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி வரை காவடியோடு வெறுங்காலில் நடந்தவர்கள்தான் அதில் முக்கால்வாசி. கொப்புளம், வெடிப்பு, முள், சுளுக்கு, ஒன்றிரண்டு பேருக்கு முழங்கால் வலி. இவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது, வலிக்கிறது என்று வருகிறவர் எப்படியும் காலுக்கு ஓய்வு கொடுத்துவிடுவார். வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு, வீங்கிய காலோடு யாருக்கும் கைகொடுக்காமல் தானே நடந்து வருகிற சர்க்கரைக்காரர்தான் பயமுறுத்துகிறவர். அப்படி, சார்கோ பாதம் என்கிற, வலியில்லாமல் பாத எலும்புகள் நொறுங்கும் நோயோடு வந்த ஒருவரின் கதை இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என்ன நடந்தது

வயது 61. காரைக்குடியில் இரும்புச் சாமான் கடை, பக்கத்து ஊரில் பூர்வீக வீடு. சர்க்கரை வந்து 17 வருடம், மாத்திரை ஒழுங்காகப் போடுவார், இன்சுலின் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். ரத்த அழுத்தத்துக்கு அடினலால். பாதத்தில் மதமதப்பு நாலைந்து வருடமாக இருக்கிறது, செருப்பு கழன்று போனால்கூடத் தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறேன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

நடையில் நத்தம் தாண்டியதும் வலது பாதம் வீங்கியிருப்பதைக் கூட வந்தவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, நொண்டவும் இல்லை. மற்றவர்கள் கொப்புளத்தோடு நொண்டி நொண்டிப் போகும்போது இவர் மட்டும் விறுவிறுவென்று போனதைப் பார்த்து, முருகன் தூக்கிக்கொண்டு போகிறான் என்று ஊரே பேசியிருக்கிறது. அந்த நொண்டாததைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேவைப்படும்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு இடத்தில் காட்டியதில் செல்லுலைடிஸ், அதாவது தோலடியில் கிருமித் தொற்று என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் வற்றி மறுபடி வீங்கியது. இன்னொரு இடத்தில் யூரிக் ஆசிட் 7.4 இருந்ததைப் பார்த்துவிட்டு கௌட் என்கிற வாதநீர் என்று அதற்கு மாத்திரை. காலில் ரத்தம் உறைந்திருக்குமோ என்று டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரேயும் எடுத்திருந்தார்கள், எலும்பு முறிவு இல்லை என்று எழுதியிருந்தது, அந்தப் படத்தை நானும் பார்த்தேன், அப்போதைக்கு அது உண்மைதான். இந்த மூன்று சந்தேகமும் நியாயமான சந்தேகங்களே. ஒருபக்கம் மட்டும் கால் சிவந்து வீங்கினால் யாரும் முதலில் இதைத்தான் நினைப்பார்கள். நடுவில் யாரும் அவரை நடக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா தெரியாது. தினமும் கடைக்குப் போய் நின்றுகொண்டிருந்தார். இப்படியே ஆறு வாரம் ஓடியிருக்கிறது.

கடைசியில் விஷயத்தைப் பிடித்தது வீட்டு ஆச்சி, அதாவது அவர் மனைவிதான். குளித்துவிட்டு ஈரக்காலோடு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அவர் நடந்து வரும்போது இடது கால் தடத்தில் நடுவில் குழி விழுந்து இருந்திருக்கிறது, வலது கால் தடம் செங்கல் வைத்தது போல முழுசாக நிரம்பியிருந்திருக்கிறது. "அவுக கால் இப்படிப் பதியாது, எனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா இந்தத் தரையத் தொடைக்கிறவ நான்" என்றார். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சொல்லாததை அந்தத் தரை சொல்லியிருந்தது. பாதத்தின் உள்வளைவு இறங்க ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பார்த்ததும் தொட்டதும்

வலது பாதம் கரண்டை, அதாவது கணுக்கால் வரை வீக்கம், லேசான சிவப்பு, தொட்டால் சூடு. தோலில் புண், வெடிப்பு, சீழ், ஒன்றும் இல்லை. காய்ச்சல் இல்லை. தோல் காய்ந்து வறவறவென்று இருந்தது, விரலிடுக்கில்கூட வியர்வை கிடையாது, இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் வியர்க்காத பாதம் என்றால் தானாக இயங்குகிற நரம்புகளும் அடிபட்டுவிட்டன என்று அர்த்தம். நாடி இரண்டு இடத்திலும் துள்ளிக்கொண்டு அடித்தது. சர்க்கரைக் காலில் நாடி நன்றாக இருந்தால் சந்தோஷப்படுவோம், இந்த நோயில் மட்டும் அது சந்தேகத்தைக் கூட்டுகிற அறிகுறி.

பத்து கிராம் நைலான் இழையால் குத்திப் பார்த்ததில் வலது பாதத்தில் ஒரு இடமும் தெரியவில்லை, இடது பாதத்தில் இரண்டே இடம். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு பெருவிரலிலும் கரண்டையிலும் தெரியவில்லை, முழங்காலுக்கு வந்த பிறகுதான் "ஆங், இப்ப தெரியுது" என்றார். குதிகால் தசைநாணைத் தட்டியதற்குக் கால் அசையவே இல்லை.

அகச்சிவப்புத் தெர்மாமீட்டரில் வலது நடுப்பாதம் 34.8 டிகிரி செல்சியஸ், இடது அதே இடம் 31.2. இரண்டு பாதத்துக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே உஷாராக வேண்டும், இங்கே 3.6.

அப்புறம் காசு செலவில்லாத ஒரு பரிசோதனை. படுக்க வைத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தோம். சிவப்பு வடிந்துவிட்டது. கிருமித் தொற்றுச் சிவப்பு இப்படிச் சுலபத்தில் வடியாது. இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்றாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கை காட்டிவிடும்.

ரத்தத்தில் வெள்ளை அணு 8,200, அழற்சியைக் காட்டுகிற இ.எஸ்.ஆர். 34, மூன்று மாதச் சர்க்கரை சராசரி 9.1, கிரியாட்டினின் 1.3, வைட்டமின் டி 14. இவ்வளவு வீங்கிய காலுக்கு இந்த வெள்ளை அணு எண்ணிக்கை ரொம்ப அமைதி.

நிற்க வைத்து எடுத்த புது எக்ஸ்ரேயில் கதை வெளியே வந்தது. இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும், நிற்க வைத்து எடுக்க வேண்டும், படுக்க வைத்து எடுத்தால் எலும்புகள் நல்ல பிள்ளையாகத் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். முதல் விரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் போகிற நீள எலும்புகளின் அடியில் இடைவெளி விழுந்து, இரண்டாவது எலும்பின் அடிப்பகுதி வெளிப்பக்கம் நகர்ந்து, பக்கத்தில் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. நடுப்பாதத்தில் லிஸ்ஃப்ராங் மூட்டு என்று சொல்கிற இடம், இந்த நோய் அதிகம் கைவைக்கிற இடமும் அதுதான். மதுரையில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் சுற்றியிருந்த எலும்புகளின் மஜ்ஜை முழுக்க நீர் கோத்திருந்தது, சீழ்க்கட்டியோ எலும்புக்குள் தொற்றோ தெரியவில்லை.

முதல் எக்ஸ்ரே ஏன் ஒன்றும் காட்டவில்லை என்று மகன் கோபமாகக் கேட்டார். எலும்பின் தாதுச் சத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரியும். படம் சுத்தமாக இருக்கிறது என்பதால் எலும்பும் சுத்தமாக இருக்கிறது என்று ஆகாது. நோய் ஆரம்ப நிலையில், கால் சூடாக இருக்கும்போதே, படத்தில் ஒன்றும் இல்லாதபோதே பிடிப்பதுதான் இதில் உள்ள ஒரே சாமர்த்தியம்.

இதுதான் சார்கோ பாதம். 1868-ல் பாரிஸில் ழான் மார்ட்டின் சார்கோ, மேகநோய் (சிஃபிலிஸ்) முற்றித் தண்டுவடம் கெட்டவர்களின் மூட்டுகள் வலியில்லாமல் நொறுங்குவதை விவரித்தார், அதனால் அவர் பெயர். சர்க்கரை நோயிலும் இது வரும் என்று 1936-ல் வில்லியம் ஜோர்டன் எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்க இதற்கு முதல் காரணம் சர்க்கரைதான்.

எலும்புக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்

"நரம்புதானே டாக்டர் செத்துச்சு, எலும்பு எதுக்குக் கரையுது?" என்று அவர் கேட்டார். இதற்கு மேல் ஒரு நல்ல கேள்வியை மாணவர்கள்கூடக் கேட்டதில்லை.

எலும்பை நாம் கல் மாதிரி நினைக்கிறோம். அது ஓயாமல் இடித்துக் கட்டப்படுகிற ஒன்று, பெரியவர்களின் எலும்புக்கூட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் புதுசாகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்கிற செல்கள் பழைய எலும்பை அரித்துக் குழி தோண்டும், அதற்குச் சில வாரம் போதும். ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்தக் குழியை நிரப்பும், அதற்கு மாதக் கணக்கு ஆகும். நம் ஊர்ப் பழைய வீட்டில் பூச்சை உரிக்கிற ஆளும் சுண்ணாம்பு பூசுகிற கொத்தனாரும் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிற மாதிரி என்றால், எங்கே எவ்வளவு உரிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிற கணக்கப்பிள்ளை வேலையில் ஒரு பங்கு நரம்புக்கு இருக்கிறது. கால்சியம் மாத்திரை விற்பவர்கள் இந்தக் கணக்கப்பிள்ளையைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

எலும்பைச் சுற்றியிருக்கிற சவ்வில் நரம்பு நுனிகள் நெருக்கமாக இருக்கின்றன, முழங்காலை மேசையில் இடித்துக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரத்தக் குழாய்களோடு சேர்ந்து மஜ்ஜைக்குள்ளும் போகின்றன. மூட்டின் குருத்தெலும்பில் மட்டும் நரம்பு கிடையாது. இந்த நுனிகளின் வேலை வலியை மூளைக்குச் சொல்வதோடு முடிவதில்லை, அவை இருக்கிற இடத்திலேயே சில பொருள்களைச் சுரக்கின்றன. அதில் முக்கியமானது சி.ஜி.ஆர்.பி. என்று சுருக்கமாகச் சொல்கிற ஒரு புரதத் துணுக்கு. இது எலும்பு கட்டுகிற செல்லை ஊக்குவிக்கும், அரிக்கிற செல் உருவாவதை அடக்கும். 2016-ல் எலிகளின் தொடை எலும்புக்குள் மக்னீசியக் கம்பி வைத்துப் பார்த்த ஆய்வில், முறிவு சீக்கிரம் கூடியதற்குக் காரணம் மக்னீசியம் அந்த இடத்து நரம்புகளில் சி.ஜி.ஆர்.பி.யைக் கூட்டியதுதான் என்று தெரிந்தது.

2013-ல் ஜப்பானிய ஆய்வுக் குழு ஒன்று இன்னும் நேராகவே காட்டியது. செமாஃபோரின் 3ஏ என்கிற புரதத்தை எலும்பு செல்லில் மட்டும் நீக்கிய எலிகளுக்கு எலும்பு நன்றாகவே இருந்தது, நரம்பு செல்லில் நீக்கிய எலிகளுக்கு எலும்பு மெலிந்துபோனது, ஏனென்றால் உணர்வு நரம்புகள் எலும்புக்குள் சரியாக வளரவில்லை. 2019-ல் வந்த இன்னொரு எலி ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது: எலும்பின் அடர்த்தி குறைந்தால் எலும்பு செல்கள் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருளை அதிகம் விடுகின்றன, உணர்வு நரம்பு அதைப் பிடித்து மூளைக்குச் சொல்கிறது, மூளை, தானாக இயங்குகிற நரம்புகளில் ஒரு வகையான பரிவு நரம்பின் வேகத்தைக் குறைக்கிறது, எலும்பு கட்டுவது கூடுகிறது. எலும்பு தன் நிலைமையைத் தானே மேலிடத்துக்குச் சொல்லிக்கொள்கிறது. சொல்ல வேண்டிய நரம்பு செத்துவிட்டால் மேலே யாருக்கும் தகவல் போகாது.

பரிவு நரம்பின் கதை இதற்கு எதிர்ப்பக்கம். 2002-ல் ஜெரார்ட் கார்சென்டியின் குழு எலியில் காட்டியது, பரிவு நரம்பு எலும்பு கட்டுவதைக் குறைக்கிறது, பீட்டா பிளாக்கர் மருந்து கொடுத்தால் எலும்பு கூடுகிறது என்று. மனிதர்களில் 2018-ல் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த ஒரு சின்னச் சோதனையில் அடினலாலும் நெபிவலாலும் எலும்பு அரிப்புக் குறியீட்டைக் குறைத்தன, புரப்ரனலால் குறைக்கவில்லை. மகன் இதை எங்கேயோ படித்துவிட்டு "அப்பச்சி அடினலால்தானே போடுறாக, அப்ப எலும்பு கூடத்தானே செய்யணும்?" என்று கேட்டார். கேள்வி சரி. பரிவு நரம்பு கெட்டால் எலும்பு கூட வேண்டும், இங்கே அதுவும் கெட்டிருக்கிறது, எலும்போ கரைகிறது.

இந்த முரண்பாட்டில்தான் நோயின் சாரம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாதத்தில் பரிவு நரம்பு கெட்டால் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்க ஆள் இல்லை, குறுக்கு வழிகள் திறந்து ரத்தம் வெள்ளமாகப் போகிறது. துள்ளுகிற நாடியும் சூடும் அதனால்தான். ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால்தான் அழற்சியும் நன்றாக எரியும், காலுக்கு ரத்தம் போகாத சர்க்கரைக்காரருக்குச் சார்கோ அபூர்வமாகத்தான் வருகிறது. அடுத்து, ஒரு சின்ன அடி. தார் ரோட்டில் வெறுங்காலில் பல நாள் நடப்பது என்றால் சின்ன அடி என்றுகூடச் சொல்ல முடியாது. அடிபட்ட இடத்தில் எல்லோருக்கும் அழற்சி வரும், டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின் 1 போன்ற பொருள்கள் சுரக்கும், அவை ரேங்க்-எல் என்ற புரதத்தைக் கூட்டும், ரேங்க்-எல்தான் எலும்பை அரிக்கிற செல்களைப் பிறப்பிக்கிற உத்தரவு. உங்களுக்கும் எனக்கும் இந்த இடத்தில் வலி வந்துவிடும். நொண்டுவோம். பாரம் மாறும், அழற்சி அடங்கும், கதை முடியும். நொண்டுவது உடம்பு தனக்குத் தானே போட்டுக்கொள்கிற மாவுக்கட்டு. இவர் நொண்டவில்லை, நடந்தார், அடி மேல் அடி, அழற்சி மேல் அழற்சி. அடக்க வேண்டிய சி.ஜி.ஆர்.பி.யும் நரம்போடு போய்விட்டது. வில்லியம் ஜெஃப்கோட் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் கூட்டாளிகளும் 2005-ல் முன்வைத்த விளக்கம் ஏறக்குறைய இதுதான்.

பழைய சண்டை ஒன்று இதில் சமாதானமாகிறது. நரம்பு எலும்பைப் போஷிக்கிறது, அது போனால் எலும்பு அழிகிறது என்றார் சார்கோ. உணர்ச்சி இல்லாததால் தெரியாமல் அடிபட்டு அடிபட்டு நொறுங்குகிறது, அவ்வளவுதான் என்றார்கள் ஜெர்மனியின் ஃபோல்க்மனும் ஃபிர்ஹோவும். நூறு வருடத்துக்கு மேல் கட்சி கட்டிப் பேசினார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த மனிதரின் பாதம் புரிகிறது.

ஊருக்குள் பார்த்தாலே இதன் பல முகங்கள் தெரியும். போலியோவில் போவது இயக்க நரம்பு, உணர்ச்சி இருக்கும். கால் சூம்பி எலும்பு மெலியும், ஆனால் மூட்டு இப்படி நொறுங்காது. பக்கவாதம் வந்தவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பெரும்பாலும் வாதம் வந்த பக்கமே முறியும். தொழுநோயில் உணர்வு நரம்பு போகிறது, விரல் எலும்புகள் சிறுத்துக் கரைகின்றன. பிறவியிலேயே வலியும் வியர்வையும் இல்லாத குழந்தைகள் உண்டு, டிஆர்க்-ஏ என்ற நரம்பு வளர்ச்சி ஏற்பியின் மரபணுக் கோளாறு, அவர்களுக்குச் சின்ன வயதிலேயே சார்கோ மூட்டுகள் வரும். மருந்துக் கம்பெனிகளும் இதே பாதையில் போய் முட்டிக்கொண்டன: மூட்டுத் தேய்மான வலிக்கு நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுக்கிற டனேசுமாப் என்ற ஊசி வலியை நன்றாகவே குறைத்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது, கடைசியில் 2021-ல் அதைக் கைவிட்டார்கள்.

அவருடைய எக்ஸ்ரேயில் இன்னொன்றும் இருந்தது. எலும்புகள் மங்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஓடுகிற ரத்தக் குழாய்ச் சுவர்கள் மட்டும் சுண்ணாம்பு படிந்து இரட்டைக் கோடாக வெள்ளையாகத் தெரிந்தன. நரம்பு கெட்ட சர்க்கரைக்காரர்களில் இது அடிக்கடி பார்ப்பது. இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு இல்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. இதற்கும் ரேங்க்-எல் சங்கதிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பேசப்படுகிறது.

மாவுக்கட்டு

சிகிச்சை என்று வந்தால் சொல்ல அதிகம் இல்லை, செய்யத்தான் அதிகம். பாதத்தோடு ஒட்டினாற்போல் முழங்காலுக்குக் கீழே வரை கழற்ற முடியாத மாவுக்கட்டு. கழற்ற முடிகிற பூட்ஸ் கொடுத்தால் வீட்டுக்குள் கழற்றி வைத்துவிடுவார்கள், வலிக்காத காலுக்கு யார் காவல் இருப்பார்கள்? இந்தக் கட்டு முறைக்கும் நம் ஊருக்கும் ஒரு உறவு உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால்களைப் பார்த்துப் பார்த்து, விரல்கள் போவது கிருமி தின்பதால் என்பதைவிட உணர்ச்சி இல்லாமல் அடிபடுவதால் என்று நிறுவினார். பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த வகைக் கட்டை அங்கே கொண்டுபோனவரும் அவரே. தொழுநோய்க் காலில் படித்த பாடம்தான் இன்று சர்க்கரைக் காலுக்கு உதவுகிறது.

முதல் கட்டை மூன்றாம் நாளே மாற்றினோம், வீக்கம் வற்றினால் கட்டு தளர்ந்து உரசும், உரசினால் அவருக்குத் தெரியாது, புண்ணாகிவிடும். அதன் பிறகு வாரம் ஒன்று, பின்னால் இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு மாற்றத்திலும் தெர்மாமீட்டர். வீட்டில் பெரிய சிக்கல் தரையும் படியும்தான். முகப்பில் இருந்து வளவு, வளவில் இருந்து ரெண்டாங்கட்டு என்று ஒவ்வொரு நிலையிலும் உயரமான வாசப்படி, வாக்கரைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், வழுவழுவென்ற தரையில் ஈரம் பட்டால் வழுக்கும், கழிப்பறை வீட்டின் கடைக்கோடியில். கட்டிலைப் பின்கட்டுக்கே மாற்றிவிடுங்கள் என்று சொன்னதற்கு, வருகிற போகிறவர்களை எங்கே உட்கார வைப்பது என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் ஆச்சி முடிவு செய்தார், கட்டில் போனது.

மருந்து? வைட்டமின் டி குறைவுக்கு அதைக் கொடுத்தோம், சர்க்கரைக்கு இன்சுலினுக்கு ஒருவழியாகச் சம்மதித்தார். எலும்பு அரிப்பைத் தடுக்கிற பிஸ்பாஸ்போனேட் ஊசி போட்டால் சீக்கிரம் ஆறாதா என்று கேட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் பொருத்தமான மருந்து, ஆனால் ஆய்வுகளில் குணமாகும் காலத்தைக் குறைக்கவில்லை, 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டலும் வேண்டாம் என்கிறது. போடவில்லை. சொந்தக்காரர் ஒருவர் பிரண்டைத் துவையல் கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தார். சாப்பிடட்டும், நல்ல துவையல், கட்டைக் கழற்றச் சொல்லாதவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டு பாதத்துக்கும் சூட்டு வித்தியாசம் 3.6-ல் இருந்து ஆறாம் வாரத்தில் 2.5, பத்தாம் வாரத்தில் 1.7. சரி, வண்டி ஓடுகிறது என்று நினைத்தபோது அக்காள் மகளுக்குக் கல்யாணம். அம்மான் முறை இவர், அம்மான் இல்லாமல் சடங்கு நகராது. "நாற்காலியில் உட்கார்ந்தே செய்யுங்கண்ணே" என்று சொல்லி அனுப்பினேன், தலையாட்டிவிட்டுப் போனார். திருப்பூட்டுதல் முடியும் வரை நின்றிருக்கிறார், அப்புறம் பந்தி விசாரிக்கவும் போயிருக்கிறார். "வலிச்சிருந்தா உக்காந்திருப்பேன், வலிக்கலையே" என்றார். அடுத்த கட்டு மாற்றும்போது வித்தியாசம் 2.8. நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் நல்லவேளையாக எலும்பு மேலும் நகரவில்லை, ஆனால் இரண்டு மாதம் பின்னால் போனோம்.

இன்னொரு கவலை இடது பாதம். வலதுக்குக் கட்டுப் போட்டால் பாரம் முழுவதும் இடதுக்குப் போகும், அதுவும் நரம்பு கெட்ட பாதம்தான், இரண்டாவது பாதத்திலும் சார்கோ ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறோம். அதனால் இடது காலுக்கு முதல் நாளிலிருந்தே எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, உயரம் கட்டுக்குச் சமமாக அடியில் கூட்டி. வீட்டுக்குள்ளும் போட வேண்டும் என்பதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது, சாமி அறை இருக்கிற வீட்டில் செருப்பா என்று. வெளியே ஒருநாளும் போடாத தனி ஜோடி ஒன்றை வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று பேசித் தீர்த்தோம், சாமி அறை வாசலில் மட்டும் கழற்றி, உட்கார்ந்து கும்பிடுவது.

இப்போது

ஏழாம் மாதக் கடைசியில் வித்தியாசம் தொடர்ந்து மூன்று முறை 1 டிகிரிக்குக் கீழே வந்தது, எக்ஸ்ரேயில் துணுக்குகள் ஒட்டி, ஓரங்கள் மழுங்கி, நடுப்பாத எலும்புகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்திருந்தன. ஐக்கன்ஹோல்ட்ஸ் என்ற மருத்துவர் 1966-ல் இந்த நோய்க்கு வகுத்த மூன்று கட்டங்களில் கடைசிக் கட்டம். உள்வளைவு முழுசாகத் திரும்பவில்லை, திரும்பாது, ஆனால் அடிப்பாதம் தொட்டில் மாதிரி கீழே பிதுங்கி நிற்கிற நிலைக்குப் போகவில்லை. பிதுங்கியிருந்தால் அந்த இடத்தில் புண், புண்ணில் தொற்று, கடைசியில் காலை எடுக்கிற பேச்சு என்று போகும். கட்டைக் கழற்றி, அடி விறைப்பாக முன்பக்கம் வளைத்துத் தைத்த அளவுச் செருப்புக்கு மாற்றினோம், முதலில் வீட்டுக்குள், பிறகு கடை வரை, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக.

அடுத்த தைப்பூசத்துக்குக் காவடியைத் தம்பி மகன் எடுத்துப் போனார், இவர் காரில் பழனி போய் அங்கே சேர்ந்துகொண்டார். மலைக்கு விஞ்ச்.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் ஆச்சி இரண்டு பாதத்திலும் ஆறு ஆறு இடம் பார்த்து, கடைக் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் குறிக்கிறார். 2 டிகிரி வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தால் நடையை நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ண வேண்டும். ஒருமுறை வந்தது, இடது பாதத்தில், 2.3. இரண்டாம் நாளுக்குக்கூடக் காத்திருக்காமல், வேட்டியும் சட்டையும் மாற்றாமல் கிளம்பி வந்துவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் செருப்புக்குள் ஒரு சின்ன ஆணி கிடந்திருக்கிறது, இரும்புக் கடை அல்லவா, அதன் மேலேயே இரவு வரை நடந்திருக்கிறார். தோல் கிழியவில்லை, நான்கு நாள் கால் ஊன்றாமல் இருந்ததில் இறங்கிவிட்டது. அதிலிருந்து செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்.